பீருக்கு 21, ரைஃபிளுக்கு 18: இந்த வாரக் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒரு வாசகருக்கு இரண்டே வரியில் பதில் சொல்லியிருந்தேன். அமெரிக்காவில் 18 வயதுப் பையனால் கடையில் ஒரு பீர் வாங்க முடியாது, ஆனால் பல மாநிலங்களில் அதே பையன் அடையாள அட்டையைக் காட்டி ரைஃபிள் வாங்கிக்கொண்டு போகலாம், அதை 21 ஆக்கத்தான் அங்கே மாநிலச் சட்டமன்றங்களில் மசோதா மேல் மசோதா வருகிறது என்று. அவ்வளவுதான் எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் பாதிப் பேர் நம்பவில்லை, மீதிப் பேர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். அதனால் இந்த வாரம் முழுக்க அதுதான். சினிமாக் கேள்வி அனுப்பியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பீருக்கு 21, கைத்துப்பாக்கிக்கு 21, ரைஃபிளுக்கு மட்டும் 18. இது என்ன கணக்கு ஐயா?
– பள்ளி ஆசிரியர், தஞ்சாவூர்

1968-இல் போட்ட கணக்கு. அந்த வருஷம் ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டார்கள், ஜூனில் ராபர்ட் கென்னடியை. அதற்கு ஐந்து வருஷம் முன்னால் ஜான் கென்னடியைச் சுட்ட ரைஃபிளோ தபாலில் வரவழைத்தது. இத்தனையும் நடந்த பிறகு அந்த அக்டோபரில் ஜனாதிபதி ஜான்சன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். லைசென்ஸ் வைத்திருக்கும் கடைக்காரர் 21 வயதாகாதவருக்குக் கைத்துப்பாக்கி விற்கக் கூடாது, 18 ஆகாதவருக்கு ரைஃபிள் மாதிரி நீளத் துப்பாக்கி விற்கக் கூடாது என்பது அதில் வந்ததுதான். அன்றைக்கு அவர்கள் பயந்தது கைத்துப்பாக்கிக்கு. இடுப்பில் செருகலாம், சட்டைக்குள் ஒளிக்கலாம், தெருவில் வழிப்பறி செய்கிறவன் கையில் இருந்தது அதுதான். நீளத் துப்பாக்கி என்றாலே மான் வேட்டை, தாத்தா பரணில் வைத்திருந்தது, பண்ணையில் நரி விரட்டுவது, அப்படி ஒரு எண்ணம். 30 குண்டு அடுக்கும் பெட்டியோடு (மேகசின் என்பார்கள்) ராணுவ ரைஃபிளின் தம்பி மாதிரி ஏஆர்-15 என்று ஒன்று ஊர்க் கடைகளில் வரிசையாகத் தொங்கும் என்று யாரும் நினைக்கவில்லை. அது வந்தபோது தாத்தாவின் மான் துப்பாக்கி இருந்த அதே இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

இதுவும் கடைக்காரருக்கு மட்டும்தான், கவனியுங்கள். லைசென்ஸ் இல்லாத தனிநபர் விற்றால் மத்தியச் சட்டப்படி கைத்துப்பாக்கிக்கே 18 போதும், நீளத் துப்பாக்கிக்கு வயதே கிடையாது. மாநிலங்கள் வேண்டுமானால் இறுக்கிக்கொள்ளலாம். நியூயார்க், கலிஃபோர்னியா, ஃப்ளோரிடா, வாஷிங்டன், வெர்மான்ட், கொலராடோ எல்லாம் ஒவ்வொரு விதத்தில் இறுக்கியிருக்கின்றன. டெக்சாஸ் முயற்சி செய்து விட்டுவிட்டது. அதைக் கீழே சொல்கிறேன்.

பீர் கதை வேறு. 1984-இல் மத்திய அரசு மாநிலங்களைப் பார்த்து, குடிக்கும் வயதை 21 ஆக்காவிட்டால் நெடுஞ்சாலை நிதியில் கை வைப்பேன் என்றது, எல்லா மாநிலமும் சில வருஷத்தில் வழிக்கு வந்தன. துப்பாக்கி விஷயத்தில் அப்படிக் கழுத்தைப் பிடிக்க யாரும் துணியவில்லை.

ஏஆர்-15 என்பது மிஷின் கன்தானே? அதை எப்படிப் பொதுமக்களுக்கு விற்கிறார்கள்?
– கல்லூரி மாணவர், சேலம்

இல்லை தம்பி. மிஷின் கன் என்றால் விசையை அழுத்திப் பிடித்தால் போதும், குண்டு வந்துகொண்டே இருக்கும். புதிதாகத் தயாரித்த அந்த வகையைப் பொதுமக்கள் வாங்க 1986-லேயே தடை வந்துவிட்டது. ஏஆர்-15 அரைத் தானியங்கி. ஒரு அழுத்துக்கு ஒரு குண்டு, அடுத்த குண்டு தானாக ஏறி நிற்கும். விரல் எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு, மசோதா எழுதுகிறவர்கள் எல்லாம் மாட்டிக்கொள்கிற இடம். அமெரிக்கக் கிராமத்தில் பையன்கள் அணில் சுடவும் டப்பாவைக் குறி பார்க்கவும் வைத்திருப்பது .22 துப்பாக்கி. ஏஆர்-15-இல் வழக்கமாகப் போடுவது .223. எண் என்பது குண்டின் குறுக்களவு, அங்குலத்தில்; அதைப் பார்த்தால் மயிரிழை வித்தியாசம். ஆனால் பின்னால் இருக்கும் மருந்து பல மடங்கு, குண்டின் வேகம் சாதாரணக் கைத்துப்பாக்கிக் குண்டைப்போல இரண்டு மூன்று மடங்கு. அதனால்தான் டெக்சாஸ் மசோதாவில் "கழற்றி மாட்டும் மேகசின், .22-க்கு மேல்" என்று எழுதினார்கள், அணில் சுடும் பையனை விட்டுவிடலாம் என்று. வாஷிங்டன் மாநிலத்தில் 2018-இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேற்றிய சட்டமோ அரைத் தானியங்கி ரைஃபிள் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டது, .22 உட்பட. எனக்கு டெக்சாஸ்காரர்கள் எழுதியதுதான் புத்திசாலித்தனமாகப் படுகிறது, சட்டமாகவில்லை என்பதைத் தவிர.

அந்தக் குண்டு உடம்பில் என்ன செய்யும் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். டெக்சாஸில் யுவால்டி என்ற சின்ன ஊரில் பள்ளிக்கூடத்தில் சுட்ட பிறகு, அந்த ஊர்க் குழந்தை மருத்துவர் ஒருவர் 2022 ஜூனில் அமெரிக்கக் காங்கிரஸ் குழு முன்னால் சாட்சி சொன்னார். இரண்டு குழந்தைகளை அவர்கள் போட்டிருந்த உடையில் இருந்த கார்ட்டூன் படத்தை வைத்துத்தான் அடையாளம் காண முடிந்தது என்றார்.

யுவால்டி நடந்த பிறகும் டெக்சாஸில் வயது வரம்பு மசோதா தோற்றதாமே. 19 குழந்தைகள் செத்த பிறகும் எப்படி எதிர்த்து ஓட்டுப் போட மனம் வந்தது?
– இல்லத்தரசி, மதுரை

அங்கேதான் விஷயமே இருக்கிறது அம்மா. யாரும் தோற்கடிக்கவில்லை. அவையில் ஓட்டுக்கே விடவில்லை.

நடந்தது இது. 2022 மே 24 அன்று ராப் தொடக்கப் பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டார்கள். சுட்டவனுக்கு 18 வயது முடிந்து எட்டே நாள். பிறந்தநாளுக்கு மறுநாள் ஒரு ரைஃபிள், மூன்று நாள் கழித்து இன்னொன்று, இடையில் ஒரு நாள் 375 குண்டு. எல்லாமே சட்டப்படி, பின்னணிச் சோதனையிலும் பாஸ். டெக்சாஸ் சட்டமன்றம் வழக்கமாக ஒற்றைப்படை வருஷத்தில் 140 நாள் மட்டும்தான் கூடும், அதனால் 2023 வரைக்கும் காத்திருக்க வேண்டியதாயிற்று. யுவால்டியின் பிரதிநிதி டிரேசி கிங் ஜனநாயகக் கட்சிக்காரர்தான் என்றாலும் துப்பாக்கி எதிர்ப்பாளர் இல்லை, முன்பு துப்பாக்கி உரிமைக்காரர்களோடு ஓட்டுப் போட்டவர். அவர் கொண்டுவந்ததுதான் மசோதா 2744. நான் மேலே சொன்ன வகை ரைஃபிளை 21 ஆகாதவருக்கு விற்கவோ கொடுக்கவோ கூடாது. அவ்வளவுதான், ஊரில் இருக்கும் துப்பாக்கியைப் பிடுங்கும் சமாசாரம் எதுவும் இல்லை.

ஏப்ரல் 18 அன்று குழு விசாரணை. குழந்தையை இழந்த அப்பா அம்மாக்கள் பகலிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் முறை வந்தது ராத்திரி வெகுநேரம் கழித்து. பேசினார்கள், போனார்கள், மசோதா குழுவிலேயே கிடந்தது. மே 6 சனிக்கிழமை டாலஸ் பக்கம் ஆலன் என்ற ஊரில் ஒரு மாலில் துப்பாக்கிச் சூடு, 8 பேர் பலி, அதில் ஹைதராபாத்திலிருந்து போன இளம் பெண் பொறியாளர் ஒருவரும் உண்டு. திங்கட்கிழமை யுவால்டி குடும்பங்கள் சட்டமன்றக் கட்டடத்துக்கு வந்து, வயதை உயர்த்து, உயர்த்து என்று கூச்சல் போட, குழு அவசரமாகக் கூடி ஓட்டெடுத்தது. 8-க்கு 5. குடியரசுக் கட்சிக்காரர்கள் இரண்டு பேர் ஆதரவாகப் போட்டார்கள். பெற்றோர்கள் அழுதார்கள், சந்தோஷத்தில்.

மறுநாள் ராத்திரி 10 மணிக்குக் கெடு. அதற்குள் இன்னொரு குழு மசோதாவை அவை நிகழ்ச்சி நிரலில் சேர்க்க வேண்டும். சேர்க்கவில்லை. 10 மணி அடித்தது, மசோதா செத்தது.

என் எரிச்சல் இதில்தான். நேராக எழுந்து நின்று, நான் எதிர்க்கிறேன், காரணம் இது என்று ஓட்டுப் போட்டுத் தோற்கடித்திருந்தால், அந்த எம்எல்ஏவின் பெயராவது பதிவாகும், தொகுதிக்காரன் கேட்பான். கடிகாரத்தை விட்டுக் கொல்ல வைத்தால் யார் கையிலும் ரத்தம் இல்லை. இது டெக்சாஸுக்கு மட்டும் உரிய கலை இல்லை, நம்ம ஊர்ச் சட்டமன்றங்களிலும் ஆய்வுக்குழுவுக்கு அனுப்பிப் புதைப்பது உண்டு. ஓட்டுப் போட்ட இரண்டு குடியரசுக் கட்சிக்காரர்களில் ஜஸ்டின் ஹாலண்ட் 2024-இல் சொந்தக் கட்சியின் வேட்பாளர் தேர்தலிலேயே தோற்றார். அதற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் பிரசாரத்தில் இந்த ஓட்டையும் சொல்லிச் சொல்லி அடித்தார்கள். மற்ற எம்எல்ஏக்கள் அதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்திருப்பார்கள்.

யுவால்டியில் 376 போலீஸ் வந்து 77 நிமிஷம் சும்மா நின்றார்கள். பழியைத் துப்பாக்கி வயது மேல் போடுவது நியாயமா?
– ஓய்வு பெற்ற காவல் அதிகாரி, கோவை

77 நிமிஷம் நின்றது வெட்கக்கேடு, மறுக்கவே முடியாது. ஆனால் ஐயா, நீங்களே யோசித்துப் பாருங்கள், அத்தனை பேர் உள்ளே போகத் தயங்கியதற்கு அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று, உள்ளே இருப்பவன் கையில் அந்த ரைஃபிள் இருக்கிறது என்பது.

மனசு வைத்தவன் எப்படியும் துப்பாக்கி வாங்கிவிடுவான். வயது வரம்பெல்லாம் நல்லவனுக்குத்தான் தொந்தரவு. என்ன சொல்கிறீர்கள்?
– வியாபாரி, ஈரோடு

கடிதங்களில் அதிகம் வந்த கேள்வி இது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

யுவால்டி பற்றி டெக்சாஸ் சட்டமன்றமே ஒரு விசாரணைக் குழு போட்டு 2022 ஜூலையில் அறிக்கை கொடுத்தது. அதில் ஒரு சின்னப் பகுதி உண்டு, ஏனோ பலர் அதைப் பேசுவதில்லை. சுட்ட பையன் 17 வயதிலேயே துப்பாக்கி வாங்கித் தரச் சொல்லிக் குறைந்தது இரண்டு பேரிடம் கேட்டிருக்கிறான். அவர்கள் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் என்ன செய்தான்? கள்ளச் சந்தைக்குப் போனானா? இல்லை. காசு சேர்த்தான், மற்ற சாமான்களை ஆன்லைனில் ஒவ்வொன்றாக வாங்கி வைத்தான், 18 ஆகும்வரை காத்திருந்தான். ஆனதும் கடைக்குப் போனான். மனசு வைத்தவன்தான், ஆனால் சட்டம் போட்ட கோடு அவனை அதுவரை நிறுத்தி வைத்திருந்தது. அந்தக் கோடு மூன்று வருஷம் தள்ளி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சத்தியம் பண்ண என்னால் முடியாது. மூன்று வருஷத்தில் ஒரு பையன் வேலைக்குப் போகலாம், யாராவது அவனைக் கவனித்துப் புகார் கொடுக்கலாம், அவனே மாறலாம். அல்லது மாறாமலும் போகலாம்.

அதே மூச்சில் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2012-இல் சேண்டி ஹுக் பள்ளியில் சுட்டவனுக்கு வயது 20, ஆனால் துப்பாக்கி அம்மாவுடையது, அவர் சட்டப்படி வாங்கி வீட்டில் வைத்திருந்தது. கடை வயதை 21 இல்லை 30 ஆக்கியிருந்தாலும் அது நின்றிருக்காது. 1999-இல் கொலம்பைன் பள்ளியில் சுட்ட இரண்டு பேருக்கும் நீளத் துப்பாக்கிகளை வாங்கிக் கொடுத்தது 18 வயதான தோழி ஒருவர், துப்பாக்கிச் சந்தையில், லைசென்ஸ் இல்லாத விற்பனையாளர்களிடம். ஆலனில் சுட்டவனுக்கு 33 வயது. ஆக, இந்தச் சட்டம் அடைப்பது ஒரு குறிப்பிட்ட வாசலை மட்டும்: 18 முதல் 20 வயதுப் பையன், சொந்தக் காசு, நேராகக் கடை. யுவால்டி, அதற்குப் பத்து நாள் முன்னால் நியூயார்க் மாநிலம் பஃபலோவில் 10 பேரைக் கொன்றது, ஃப்ளோரிடாவில் பார்க்லாண்ட், மூன்றும் அந்த வாசல் வழியாக வந்தவை. ஒரு வாசலை அடைத்தால் போதுமா என்றால் போதாது. அதற்காகத் திறந்தே வைத்திரு என்று சொல்கிற வாதம் எனக்குப் புரிவதில்லை. பஃபலோ முடிந்து ஒரு மாதத்துக்குள் நியூயார்க் அரை தானியங்கி ரைஃபிளுக்கு 21 வயதும் லைசென்ஸும் வேண்டும் என்று ஆக்கிவிட்டது.

18 வயதில் ஓட்டுப் போடலாம், ராணுவத்தில் சேர்ந்து சாகலாம், சொந்தமாக ஒரு ரைஃபிள் வைத்துக்கொள்ளக் கூடாதா? இது அநியாயம் இல்லையா?
– சட்டக் கல்லூரி மாணவி, திருச்சி

நல்ல வாதம், அங்கேயும் எதிர்ப்பாளர்கள் முதலில் எடுப்பது இதைத்தான். ராணுவப் பகுதிக்குச் சுலபமான பதில் உண்டு: ராணுவத்தில் ரைஃபிளைக் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும், திருப்பிக் கொடுக்க வேண்டும், வேலை முடிந்ததும் ஆயுதக் கிடங்கில் பூட்டிவிடுவார்கள். கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். போதாததற்கு, ஃப்ளோரிடா சட்டத்தில் ராணுவத்தினருக்கும் போலீசாருக்கும் ரைஃபிள் வாங்க விலக்கு இருக்கிறது.

ஆனால் நீங்கள் சட்டம் படிப்பவர், உண்மையான சண்டை நீதிமன்றத்தில் எப்படி நடக்கிறது என்று சொன்னால் ரசிப்பீர்கள். 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் புரூயென் வழக்கில் 6-க்கு 3 என்று தீர்ப்புச் சொன்னது. துப்பாக்கிச் சட்டம் எதுவானாலும் அது நாட்டின் வரலாற்று மரபோடு ஒத்துப்போகிறதா என்றுதான் பார்க்க வேண்டுமாம். இந்தச் சட்டத்தால் உயிர் பிழைக்குமா என்கிற கணக்கு பார்க்கக் கூடாது. விளைவு, 2020-களில் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பற்றிய சட்டத்துக்கு வக்கீல்கள் 1790-களின் ஏடுகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

உரிமைக்காரர்கள் கையில் ஒரு துருப்புச் சீட்டு: 1792 குடிப்படைச் சட்டம், அதாவது ஊர் ஆண்களே சேர்ந்து நிற்கும் படைக்கான சட்டம். 18 முதல் 45 வயது வரை ஆண்கள் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும், துப்பாக்கியும் தாங்களே கொண்டுவர வேண்டும். 18 வயதுக்காரன் கையில் துப்பாக்கி இருக்கட்டும் என்று நாட்டை உருவாக்கியவர்களே சொல்லவில்லையா என்கிறார்கள். மறுபக்கத்துக்கு இன்னொரு சீட்டு: அன்றைக்கு 21 ஆகும்வரை எவனும் சட்டப்படி மைனர். அவன் போட்ட ஒப்பந்தம் செல்லாது, அதனால் கடைக்காரன் அவனுக்குக் கடனில் எதையும் தர மாட்டான். குடிப்படைக்குப் போகிற பையனுக்குத் துப்பாக்கி வாங்கிக் கொடுக்க வேண்டியது அப்பன் பொறுப்பு என்றே சில மாநிலச் சட்டங்கள் சொல்லின. ஃப்ளோரிடாவின் 21 வயதுச் சட்டத்தை எதிர்த்துப் போட்ட வழக்கில் 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் முழு அமர்வாக உட்கார்ந்து 8-க்கு 4 என்று இந்த இரண்டாவது வாதத்தை ஏற்றுச் சட்டத்தைக் காப்பாற்றியது. அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் டெக்சாஸ், லூசியானா, மிசிசிப்பிக்கான மேல்முறையீட்டு நீதிமன்றம், 1968 சட்டத்தில் 21 வயதுக்குக் கீழே கைத்துப்பாக்கி விற்கத் தடை என்ற பகுதியே செல்லாது என்றது. ஒரே ஏட்டைப் புரட்டி இரண்டு நீதிமன்றம் இரண்டு பதில்! உங்கள் பேராசிரியரிடம் கேட்டுப் பாருங்கள், யார் சரி என்று.

எனக்கு? ஓட்டு, மது, துப்பாக்கி எல்லாவற்றுக்கும் ஒரே வயது இருந்தே தீர வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஓட்டைத் தப்பாகப் போட்டால் அடுத்த தேர்தலில் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

ஃப்ளோரிடாவும் துப்பாக்கிப் பிரியர்கள் மாநிலம்தானே, அங்கே மட்டும் எப்படி நிறைவேறியது?
– வங்கி ஊழியர், நாகர்கோவில்

மூன்றே வாரத்தில் நிறைவேறியது, அதுதான் அதிசயம். 2018 பிப்ரவரி 14 பார்க்லாண்ட் பள்ளியில் 17 பேர் கொலை. சுட்டவனுக்கு 19, ரைஃபிளை வாங்கியது 18 வயதில். ஒரு வாரத்துக்குள் மாணவர்கள் பஸ் பிடித்துத் தலைநகர் டலஹாசிக்குப் போய்விட்டார்கள். அவர்கள் மாடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்த ரக ரைஃபிளுக்கு முழுத் தடை கோரும் மசோதாவை எடுத்துக்கொள்ளலாமா என்பதையே அவை 71-க்கு 36 என்று தள்ளியது. டிவியில் அந்தப் பிள்ளைகள் முகத்தைப் பார்த்த நாடு கொதித்தது. அப்புறம் ஆளும் குடியரசுக் கட்சி ஒரு பொட்டலம் கட்டியது. துப்பாக்கி எதுவானாலும் வாங்க 21 வயது, மூன்று நாள் காத்திருப்பு, ஆபத்தானவர் என்று நீதிபதி சொன்னால் துப்பாக்கியைத் தற்காலிகமாக வாங்கி வைப்பது, இதோடு பள்ளி மனநலத்துக்குப் பணம், கூடவே பயிற்சி பெற்ற பள்ளி ஊழியர்களுக்குத் துப்பாக்கி கொடுக்கும் திட்டம். கடைசி விஷயம் பிடிக்காமல் ஜனநாயகக் கட்சியில் பல பேர் எதிர்த்தார்கள், முதல் விஷயம் பிடிக்காமல் குடியரசுக் கட்சியில் பல பேர் எதிர்த்தார்கள். செனட்டில் 20-க்கு 18, மயிரிழையில் பாஸ். மார்ச் 9 அன்று ஆளுநர் ரிக் ஸ்காட் கையெழுத்துப் போட்டார், துப்பாக்கி உரிமைக்காரர்களின் தேசிய ரைஃபிள் சங்கம் அன்றைக்கே வழக்குப் போட்டது.

ஸ்காட் அந்த வருஷம் அமெரிக்க செனட் தேர்தலுக்கு நின்றார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆளுநரின் மனசாட்சியும் தேர்தல் கணக்கும் ஒரே திசையில் இழுத்த அபூர்வமான வாரம் அது. பிற்பாடு 2023-லிருந்து தொடர்ந்து மூன்று வருஷம், ரைஃபிள் வயதை மறுபடி 18-க்கு இறக்க ஃப்ளோரிடாவின் கீழவை மசோதா நிறைவேற்றியது. மூன்று முறையும் செனட் அதை எடுக்கவே இல்லை. டெக்சாஸில் பெற்றோர் மசோதாவைக் கொன்ற அதே கடிகாரம், இங்கே சட்டத்தைக் காப்பாற்றியிருக்கிறது. எனக்கு முடிவு பிடித்தாலும் வழி பிடிக்கவில்லை என்று சொல்லி வைக்கிறேன்.

அண்ணா, நாங்கள் டாலஸ் பக்கம் ஃப்ரிஸ்கோவில் இருக்கிறோம், ஆலன் மால் எங்களுக்குப் பக்கம். பையன் எட்டாவது படிக்கிறான். நண்பன் வீட்டில் ராத்திரி தங்கப் போகிறேன் என்கிறான். அந்த வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று எப்படிக் கேட்பது? தப்பாக நினைத்துவிட்டால்?
– வாசகி, டெக்சாஸ்

கேளுங்கள் தங்கச்சி. தயங்கவே வேண்டாம். நாய் இருக்கிறதா, நீச்சல்குளத்துக்கு வேலி இருக்கிறதா, பையனுக்கு வேர்க்கடலை ஆகாது என்று சொல்கிற அதே பேச்சில் இதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களே பெற்றோர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது இது. இருக்கிறதா என்பதைவிட எப்படி வைத்திருக்கிறீர்கள் என்பது முக்கியம்: பெட்டியில் பூட்டியா, குண்டு எடுத்துவிட்டா, குண்டு தனியாக வேறு இடத்திலா, பூட்டின் எண் பிள்ளைக்குத் தெரியுமா. பொறுப்பாக வைத்திருப்பவர் கோபப்பட மாட்டார், கூட்டிக்கொண்டு போய்ப் பெட்டியையே காட்டுவார். முறைத்தால், பிள்ளைகளை உங்கள் வீட்டில் தூங்கச் சொல்லி தோசை ஊற்றிக் கொடுங்கள். டெக்சாஸில் சிறுவர் கையில் கிடைக்கிற மாதிரி துப்பாக்கியை அலட்சியமாக வைப்பது குற்றம்தான், ஆனால் அந்தச் சட்டம் பெரும்பாலும் விபத்துக்குப் பிறகுதான் கதவைத் தட்டும்.

இன்னொன்று, கடிதத்தில் நீங்கள் கேட்காதது. அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. 2021-இல் மொத்தம் 48,830 பேர், அதிலும் அப்படித்தான். துப்பாக்கியால் முயன்றவர்களில் பத்துக்கு எட்டு ஒன்பது பேர் பிழைப்பதில்லை. மற்ற வழிகளில் முயன்றவர்கள் பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள், பிழைத்தவர்களில் பெரும்பாலோர் திரும்ப அந்தப் பக்கம் போவதில்லை. வயசுப் பிள்ளைக்கு மனசு உடைகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் பெட்டி பூட்டியிருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். 21 வயதுச் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் பள்ளிக்கூடத்தை நினைக்கிறார்கள், நான் இந்தப் பையன்களையும் நினைக்கிறேன். உங்கள் ஊரில் இந்த மாதிரி மனசு உடைகிற அவசரத்துக்கு 988, எந்த நேரமும் அழைக்கலாம். தமிழ்நாட்டில் படிப்பவர்களுக்கு 104.

நம் நாட்டில் என்ன வயது?
– வாசகர், விருதுநகர்

21. ஆயுதச் சட்டம் 1959-இல் வந்தபோது 16 என்று இருந்தது, 1983 திருத்தத்தில் 21 ஆக்கினார்கள். துப்பாக்கி சுடும் விளையாட்டுக்காரர்கள் மேற்பார்வையில் பயிற்சி எடுக்க விலக்கு உண்டு. ஆனால் நம்மிடம் வயது ஒரு பொருட்டே இல்லை. லைசென்ஸ் வாங்கத் துப்பாக்கி எதற்குத் தேவை என்று நம்ப வைக்க வேண்டும், போலீஸ் அறிக்கை வர வேண்டும், அலைந்து முடிப்பதற்குள் 18 வயதுக்காரனுக்கு 21 ஆகிவிடும்.

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு? பக்கத்தை வீணாக்காதீர்கள்.
– வாசகர், வேலூர்

நம் தெருவில் வீட்டுக்கு ஒரு பிள்ளை அங்கேதான் இருக்கிறது.

அப்பா தன் பெயரில் வாங்கி 18 வயது மகனுக்குப் பரிசாகக் கொடுத்தால் சட்டம் என்ன செய்யும்?
– கணக்காளர், காரைக்குடி

கணக்காளர் என்பது கேள்வியிலேயே தெரிகிறது, ஓட்டையை நேராகப் பிடித்துவிட்டீர்கள். ஃப்ளோரிடாவில் தடை வாங்குவதற்குத்தான், வைத்திருப்பதற்கு இல்லை. அப்பா உண்மையாகவே பரிசாகக் கொடுத்தால் குற்றமில்லை, நீதிமன்றம் சட்டத்தை விட்டுவைத்ததற்கு இதையும் ஒரு காரணமாகச் சொன்னது. மகன் காசு கொடுத்து, அப்பா கடையில் எனக்குத்தான் என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது மத்தியச் சட்டப்படி பெரிய குற்றம், சிறை உண்டு. இரண்டுக்கும் நடுவே உள்ள கோட்டை நிரூபிப்பது எவ்வளவு கஷ்டம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இல்லினாய் மாநிலம் வேறு வழி பிடித்தது: துப்பாக்கி வைத்துக்கொள்ள அட்டை வேண்டும், 21 ஆகாதவருக்கு அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட வேண்டும். நல்ல ஏற்பாடு மாதிரிதான் இருந்தது. 2019 செப்டம்பரில் ஹைலண்ட் பார்க் என்ற ஊரில் 21 ஆகாத பையன் ஒருவன் எல்லோரையும் கொல்வேன் என்று மிரட்டியதாகப் புகார் வந்து போலீஸ் அவன் வீட்டிலிருந்து 16 கத்திகளை எடுத்துப் போனது. மூன்று மாதம் கழித்து அதே பையனின் விண்ணப்பத்தில் அப்பா கையெழுத்துப் போட்டார். அட்டை வந்தது, ரைஃபிளும் வந்தது. 2022 ஜூலை 4 சுதந்திர தின ஊர்வலத்தின் மேல் அவன் சுட்டதில் 7 பேர் செத்தார்கள். அப்பா மேல் வழக்கு வந்தது, அந்தக் கையெழுத்துக்காகத்தான். 2023-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார், தண்டனை 60 நாள்.

அதனால் கையெழுத்து மட்டும் கேட்டு வயதை விட்டுவிடுகிற மசோதாக்கள் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. வயதையும் உயர்த்தி, அப்பா வாங்கிக் கொடுத்தால் அவரும் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதினால் ஓட்டை கொஞ்சம் சிறிதாகும்.